கழிப்பறைகளை எண்ணிவிட்டுக் கொட்டேஷன் கேளுங்கள்

தனியார் பள்ளிகளில் சுத்தத்துக்கான செலவு பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் முடிவாகிறது. போன வருடம் எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்காளர் பார்ப்பார். அதோடு பத்து சதவீதம் கூட்டுவார். மூன்று ஏஜென்சிகளிடம் கொட்டேஷன் வாங்கி, இருப்பதில் குறைந்ததைத் தாளாளர் டிக் செய்வார். ஜூனில் பள்ளி திறக்கும். ஆகஸ்ட் வருவதற்குள் வந்த ஆட்களில் பாதிப் பேர் நின்றிருப்பார்கள். பெற்றோர் கூட்டத்தில் முதல் புகாரே கழிப்பறை நாற்றமாக இருக்கும்.

இதில் ஏஜென்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. என்ன வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை பேர் என்று பள்ளியே கணக்குப் போடாதபோது, ஏஜென்சி தன் வசதிக்கு ஒரு தொகை சொல்கிறது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளி, மழலையர் பள்ளி, குழந்தைகள் காப்பகம் நடத்துபவர்களும் அங்கே நிர்வாக அலுவலர்களாக இருப்பவர்களும் அடுத்த கல்வியாண்டுக்கான தொகையை எப்படிப் போடலாம் என்று பார்ப்போம்.

வேலையை அளப்பது

ஒரு நாள் காலை இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் போய் நில்லுங்கள். மணி அடித்ததும் பத்து நிமிடத்துக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வந்து போவார்கள். தரை முழுக்கத் தண்ணீர், அதில் ஷூ மண். ஒரு குழாய் மூடாமல் ஓடும். மக் ஒரு மூலையில் கிடக்கும். எல்.கே.ஜி. பிள்ளை ஒன்று ஈரத்தில் கால் வைக்கத் தயங்கி வாசலிலேயே நிற்கும். இடைவேளை முடிந்த கையோடு இதைத் துடைத்து எடுக்க ஆள் இல்லையென்றால், மதிய உணவு நேரத்துக்கு இதே தரை வழுக்கும், நாறும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று போடும் ஒப்பந்தம் பள்ளிக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். காலை இடைவேளைக்குப் பின், மதியத்துக்குப் பின், பிற்பகல் இடைவேளைக்குப் பின், பள்ளி விட்ட பின் என்று நான்கு சுற்று வேண்டும். முதல் மூன்றும் தண்ணீர் தள்ளி, துடைத்து, சோப்பு நிரப்பும் சுற்றுகள். கடைசிச் சுற்றில் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இப்போது எண்ணுங்கள். உதாரணமாக 600 மாணவர்கள், 24 வகுப்பறை, 30 கழிப்பறை உள்ள ஒரு பள்ளி. தேய்த்துக் கழுவ ஒரு கழிப்பறைக்கு 5 நிமிடம் என்றால் 150 நிமிடம். இடைச்சுற்றில் ஒன்றுக்கு 2 நிமிடம் என்றால் 60 நிமிடம், மூன்று சுற்றுக்கு 180. கழிப்பறைக்கு மட்டும் ஐந்தரை மணி நேரம் ஆகிறது. வகுப்பறை ஒன்றைப் பெருக்கித் துடைக்க 15 நிமிடம் வீதம் 24 அறைக்கு 6 மணி. வராந்தா, மாடிப்படி, அலுவலகம், ஆசிரியர் அறைக்கு 5 மணி. குடிநீர்க் குழாயடி, சாப்பிடும் இடம், குப்பைத் தொட்டிகளுக்கு இரண்டரை மணி. கூட்டினால் ஒரு நாளைக்கு 19 மணி நேர வேலை.

எட்டு மணி நேரம் இருக்கும் ஒருவர் எட்டு மணியும் துடைத்துக்கொண்டே இருக்க முடியாது. சாப்பாடு, தேநீர், தண்ணீர் சுமப்பது, பொருள் எடுத்து வைப்பது எல்லாம் போக, கைக்குக் கிடைப்பது ஆறரை மணி. 19-ஐ ஆறரையால் வகுத்தால் மூன்று பேர். இரண்டு பேரை வைத்து இதே வேலை நடக்கும் என்று ஒரு ஏஜென்சி சொன்னால், எந்தச் சுற்று நடக்காது என்பதை அங்கேயே கேளுங்கள்.

மேலே சொன்ன நிமிடங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பள்ளியின் தரை மொசைக்கா டைல்ஸா, தண்ணீர் மாடிவரை ஏறுகிறதா, வாளியில் தூக்க வேண்டுமா என்பதைப் பொறுத்து நேரம் மாறும். இரண்டு நாள் கடிகாரத்தோடு நின்று பார்த்து எழுதிக்கொள்வதே சரியான வழி.

ஒருவருக்கு ஆகும் உண்மைச் செலவு

கொட்டேஷனில் நாம் பார்ப்பது “ஒரு ஆளுக்கு இவ்வளவு” என்ற ஒற்றைத் தொகை. அதைப் பிரித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். பிரித்துத் தராத ஏஜென்சியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

மாத ஊதியம் ரூ.14,000 என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த தொகை. உங்கள் ஊருக்குப் பொருந்தும் குறைந்தபட்ச ஊதியத்தை அரசு அறிவிக்கையைப் பார்த்துப் போடுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி பங்கு 12 சதவீதம், அதோடு காப்பீட்டுக்கும் நிர்வாகத்துக்கும் தலா அரை சதவீதம். ஆக 13 சதவீதம், ரூ.1,820. இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், ரூ.455. போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், ரூ.1,166. சம்பளத்தோடு கூடிய விடுப்புக்கு ரூ.700, சீருடை, கையுறை, காலணிக்கு ரூ.300 என்று ஒதுக்கலாம். இதுவரை ரூ.18,441. ஏஜென்சியின் சேவைக் கட்டணம் 8 சதவீதம் என்றால் ரூ.1,475. ஒருவருக்கு மொத்தம் ரூ.19,916. மூன்று பேருக்கு மாதம் ஏறக்குறைய ரூ.59,750. பணிக்கொடைக்கும் ஒதுக்கினால் இன்னும் கொஞ்சம் ஏறும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டேஷனைப் படியுங்கள். அதே ரூ.14,000 சம்பளம் தருவதாகச் சொல்லி, ஒரு ஆளுக்கு ரூ.15,500-க்கு ஒருவர் முன்வந்தால், மீதி ரூ.4,400 எங்கிருந்து வருகிறது? பி.எஃப். கட்டமாட்டார்கள், அல்லது சம்பளத்தில் பிடிப்பார்கள், அல்லது மூன்று பேருக்குப் பில் போட்டு இரண்டு பேரை அனுப்புவார்கள். வேறு வழியே கிடையாது. அந்தப் பணம் வேலை செய்யும் பெண்ணின் கையிலிருந்துதான் போகிறது. அவர் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவார். நீங்கள் புதிய ஆளுக்கு எந்த வாளி எந்த இடத்துக்கு என்பதிலிருந்து மறுபடி சொல்லித் தர வேண்டும்.

அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, மீதியைப் படிகளாகக் காட்டிப் பி.எஃப்.பைக் குறைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. 2025 நவம்பரில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின் அதற்கு இடம் சுருங்கிவிட்டது. படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுந்த பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்காமல் விட்டால் அதைக் கொடுக்கும் பொறுப்பு வேலை வாங்கும் நிறுவனத்தின் மேல், அதாவது பள்ளியின் மேல் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் பஞ்சப்படி தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும். ஆனால் பள்ளிக் கட்டணம் அப்படி ஆண்டுதோறும் ஏறாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு வகுக்கும் கட்டணம் மூன்று கல்வியாண்டுகளுக்கு நிற்கும். எனவே மூன்று வருடத்துக்கான சுத்தச் செலவை, ஊதிய உயர்வையும் சேர்த்து, முன்கூட்டியே போட்டாக வேண்டும். குழுவின் முன் செலவுக் கணக்கு வைக்கும்போது பில், வங்கிப் பரிமாற்றம், சலான் எல்லாம் இருந்தால்தான் அந்தச் செலவு செலவாக நிற்கும். ரொக்கமாகக் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்கிய கணக்கு அங்கே எடுபடாது.

ஜி.எஸ்.டி.யில் கவனம்

ஹவுஸ்கீப்பிங் சேவைக்குப் பொதுவாக 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆனால் மழலையர் கல்வி முதல் மேல்நிலை வரை நடத்தும் கல்வி நிறுவனத்துக்குள் செய்யப்படும் துப்புரவு, பாதுகாப்புச் சேவைகளுக்கு விலக்கு இருக்கிறது. 2017 ஜூனில் வந்த 12-ஆம் எண் மத்திய வரி (விகிதம்) அறிவிக்கையில் 66-வது இனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏஜென்சியின் கணக்கர் எல்லா வாடிக்கையாளருக்கும் போடுவதுபோலப் பள்ளிக்கும் 18 சதவீதம் போட்டுவிடுவது நடக்கக்கூடியதுதான். பள்ளியும் கேள்வி கேட்காமல் கட்டிவிடும். மேலே சொன்ன மூன்று பேர் கணக்கில் அது மாதம் ரூ.10,750, வருடத்துக்கு ஏறக்குறைய ரூ.1.29 லட்சம். பள்ளிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லாததால் இந்த வரியை உள்ளீட்டு வரவாகவும் திரும்பப் பெற முடியாது. அந்தப் பணத்தில் கைகழுவும் சோப்பும் கையுறையும் வருடம் முழுக்க வாங்கலாம்.

கல்லூரிக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஒரே வளாகத்தில் பள்ளியும் கல்லூரியும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி பில் போடுங்கள். பாடத்திட்டம் எதுவும் இல்லாமல் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் மட்டும் நடத்துபவர்கள் தங்களுக்கும் விலக்கு உண்டு என்று தாமாக முடிவு செய்யக் கூடாது. 18 சதவீதத்தைச் சேர்த்தே தொகையைப் போட்டு வைத்துவிட்டு ஆடிட்டரைக் கேட்பது நல்லது.

காப்பகத்தின் கணக்கு வேறு

பள்ளியில் சதுர அடியும் கழிப்பறை எண்ணிக்கையும் முக்கியம். காப்பகத்தில் வயதுதான் எல்லாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை தரையில் தவழும், தரையில் விழுந்ததை எடுத்து வாயில் வைக்கும், வாந்தி எடுக்கும், டயாப்பரைத் தாண்டிக் கழியும். ஒரு பிள்ளைக்குக் கை, கால், வாய் நோய் வந்தால் ஒரு வாரத்தில் பாதி அறை காலியாகிவிடும். எனவே இருபது பிள்ளைகள் உள்ள காப்பகத்துக்குக்கூட, பிள்ளைகள் இருக்கும் நேரம் முழுவதும் ஒரு தூய்மைப் பணியாளர் உள்ளேயே இருக்க வேண்டும். காலையில் வந்து ஒரு மணி நேரம் துடைத்துவிட்டுப் போகும் ஆள் போதவே போதாது.

டயாப்பர் மாற்றும் கை சோறு ஊட்டக் கூடாது. ஆயாம்மா ஒருவரே ஊட்டி, தூங்க வைத்து, கழுவி, கழிப்பறையும் தேய்க்கும் ஏற்பாட்டில் மிச்சமாகும் சம்பளம் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கில் போய்விடும். ஆயாம்மாவுக்கு ஒரு சம்பளம், தூய்மைப் பணியாளருக்கு ஒரு சம்பளம் என்று இரண்டு வரியாகப் போடுங்கள். சிறிய காப்பகத்துக்கு ஏஜென்சியைவிட, நேரடியாக ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பதே என் பரிந்துரை. பிள்ளைகளுக்கு முகம் பழகும், சேவைக் கட்டணமும் மிஞ்சும். மூன்று பேருக்கு மேல் தேவைப்படும் இடத்தில் ஏஜென்சி நல்லது. விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் அனுப்புவது அவர்கள் பொறுப்பாகிவிடும்.

பொருள் வாங்குவதில் காப்பகக்காரர்கள் தேவையில்லாத இடத்தில் செலவு செய்கிறார்கள். நெடி தூக்கும் ஃபினாயிலைச் சுத்தத்தின் அடையாளமாக நினைப்பது பழைய பழக்கம். பிள்ளைகள் தவழும் தரைக்கு முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர் போதும். வாந்தியோ மலமோ பட்ட இடத்துக்கு மட்டும், துடைத்துக் கழுவிய பிறகு, கிருமிநாசினி வேண்டும். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் விட்டால் 0.1 சதவீதம் வரும். அதை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். வெயிலிலும் வெப்பத்திலும் அதன் வீரியம் போய்விடும். டைல்ஸ் கறைக்கு வாங்கும் ஆசிட்டைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுங்கள். ஆசிட்டும் பிளீச்சும் ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய கழிப்பறைக்குள் அது உயிருக்கே ஆபத்து.

பல இடங்களில் இன்னும் நடக்கும் ஒரு பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். ஐந்து லிட்டர் கேனில் வாங்கிய ஃபினாயிலைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி, வாஷ்பேசினுக்குக் கீழே வைப்பார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அது ஜூஸ் பாட்டில். பூட்டுப் போட்ட ஒரு சுவர் அலமாரி, பெயர் எழுதிய பாட்டில்கள், கழிப்பறைக்குச் சிவப்பு, சமையலறைக்குப் பச்சை, அறைகளுக்கு நீலம் என்று நிறம் பிரித்த துணிகள், மாப்புகள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை வரும் இந்தச் செலவை ஒத்திப்போட வேண்டாம்.

மாதக் கணக்கில் வராதவை

மாதத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி முடித்துவிட்டால் தொகை பத்தாது. மே மாதம் பள்ளி மூடியிருக்கிறது என்று ஒப்பந்தத்தைப் பத்து மாதத்துக்குப் போடுவார்கள். பழகிய ஆட்கள் வேறு இடம் போய்விடுவார்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டு, மே மாதத்தில் மின்விசிறி, ஒட்டடை, பெஞ்சு, ஜன்னல் கம்பி, மேல்நிலைத் தொட்டி, சம்ப் எல்லாவற்றையும் அதே ஆட்களை வைத்துச் செய்து முடியுங்கள். ஜூனில் வெளி ஆள் கூப்பிட்டுச் செய்யும் செலவைவிட இது குறைவாகத்தான் வரும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்கு முன், செப்டம்பரிலேயே மொட்டை மாடி, மழைநீர்க் குழாய், வடிகால் மூன்றையும் சுத்தம் செய்யத் தனித்தொகை வேண்டும். டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். பூந்தொட்டித் தட்டு, உடைந்த விளையாட்டுச் சாமான், மாடியில் கிடக்கும் டயர் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கொட்டும் வேலையை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டால் கூடுதல் செலவே இல்லை.

ஆண்டு விழா, விளையாட்டு விழா, பொதுத்தேர்வு மையம் போன்ற நாட்களுக்குக் கூடுதல் ஆள் தேவைப்படும். ஒரு நாளுக்கு எவ்வளவு என்று இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மாணவிகள் கழிப்பறையில் மூடியுள்ள தொட்டி, நாப்கினை அகற்றும் ஏற்பாடு இரண்டும் பட்டியலில் தனி வரியாக இருக்கட்டும். பொதுச் செலவில் சேர்த்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் சமரசத்துக்கே இடமில்லை. “நம்ம ஆளுங்களே இறங்கிப் பார்த்துப்பாங்க” என்று எந்த மேற்பார்வையாளர் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஒருவரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். சாக்கடை மரணத்துக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உரிமம் பெற்ற உறிஞ்சு லாரிக்கான தொகையை வருடத் திட்டத்தில் எழுதி வைத்துவிட்டால், அவசரத்துக்கு ஆள் தேடும் நிலையே வராது. ஆள் வராத நாளில் மாணவர்களை விட்டுக் கழிப்பறை கழுவச் சொல்லும் பேச்சுக்கும் இடமில்லை. தமிழ்நாட்டில் இதற்காகத் தலைமை ஆசிரியர்கள் மீது நடவடிக்கை வந்திருக்கிறது. அந்த நாளுக்காகத்தான் மாற்று ஆள் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் போடுகிறோம்.

கையெழுத்துக்கு முன்

போக்சோ விதிகள் 2020, குழந்தைகளோடு பழகும் நிறுவனங்களில் நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற பாகுபாடில்லாமல் எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும் என்கிறது. பள்ளிக்கும் காப்பகத்துக்கும் இது பொருந்தும். இதற்கான கட்டணத்தை யார் தருவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சரிபார்ப்பு முடியாத மாற்று ஆள் வந்தால், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், பள்ளி ஊழியர் ஒருவர் உடனிருக்க வேலை செய்யட்டும். மாணவிகள் கழிப்பறைக்கு எப்போதும் பெண் பணியாளர்தான்.

பில்லுக்குப் பணம் விடுவிக்கும் முன் போன மாத பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்கள், உங்கள் பள்ளியில் வேலை பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியலோடு வர வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் போனதற்கான சான்றும் வேண்டும். வருகைப் பதிவேட்டைப் பள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வராத நாளுக்குத் தொகை கழிக்கலாம். ஆனால் அது ஏஜென்சியின் சேவைக் கட்டணத்திலும் கழிய வேண்டும். பணியாளர் சம்பளத்தில் மட்டும் கழித்துக்கொள்ளும் ஏஜென்சிகள் இருக்கின்றன. ஒப்பந்தப் பணத்தில் டி.டி.எஸ். பிடிப்பதையும் மறக்க வேண்டாம்.

திட்டத்தில் கடைசியாக ஒரு வரி சேருங்கள். தூய்மைப் பணியாளர்கள் உடை மாற்ற, உட்கார்ந்து சாப்பிட, கை கழுவ ஓர் அறை. பல பள்ளிகளில் இவர்கள் மாடிப்படிக்குக் கீழே துடைப்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு மேஜை, நான்கு நாற்காலி, ஒரு மின்விசிறி, பூட்டக்கூடிய ஒரு பெட்டி. இதற்கு ஆகும் செலவு ஒரு மாத ஒப்பந்தத் தொகையைவிடக் குறைவு. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இந்த வரியை நீங்களே எழுந்து கேளுங்கள்.